யன்னலடி மேசையும் அடையாளம் தெரியாத பெட்டியும்

“தெரியாததைத் தெரியாதெண்டு சொல்லுற ஆம்பிளைக்கு…” என்று என் மாமனார் யாக்கோப்பு அடிக்கடி தொடங்குவார். முடிவு ஞாபகமில்லை. மரியாதை கிடைக்கும் என்றாரா, நேரத்துக்குச் சோறு கிடைக்கும் என்றாரா? எதுவானாலும் அந்த 2005 மாசி மாதத்தில் எனக்கு அது தேவைப்படவில்லை. எனக்குத் தெரியாதது என்று அப்போது ஒன்றும் இருக்கவில்லை.

கொழும்புக் கந்தோரில் இருபது வருடம் உத்தியோகம் பார்த்துவிட்டு, நாற்பத்தெட்டு வயதில் ஊர்காவற்றுறைக்குத் திரும்பியவன் நான். கூடவே ஒரு கொம்பியூட்டரும் வந்தது. என் மனைவி ஜெனீற்றாவின் தையல் மிசின் நின்ற யன்னலடி மேசையில் அதை வைத்தேன். மிசின் குசினிக்குப் பின்னால், வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் போனது. அந்த இருட்டுக்குள் இருந்து அவள், ஊர்ப் பிள்ளைகள் கோயிலில் முதல்நன்மை எடுக்கும்போது உடுக்கிற வெள்ளைச் சட்டைகளைத் தைத்தாள். நல்ல வெளிச்சத்தில் இருந்து நான் கொம்பியூட்டரோடு சீட்டு விளையாடினேன்.

எங்கள் மகள் நிலக்சனாவுக்கு ரொறன்ரோவில் கலியாணம் நடந்தது. எங்களுக்கு விசா தரவில்லை. கலியாணப் படங்கள் முழுவதையும் ஒரு ஹாட் டிஸ்க்கில் போட்டு, ஊருக்கு வந்த ஒருவரிடம் கொடுத்துவிட்டிருந்தாள். சவர்க்காரக் கட்டியளவு கறுப்புப் பெட்டி. கூடவே ஒரு வயர்.

செருகினேன். ‘டிங்’ என்றது. மூலையில் ஓர் ஆங்கில வசனம் எட்டிப் பார்த்தது.

“என்னவாம்?” என்றாள் ஜெனீற்றா.

“பெட்டியை அடையாளம் தெரியேல்லையாம்.”

“அதுக்கும் அடையாள அட்டை வேணுமாமோ?”

“பகிடி விடாதையும். ஞாயிறுக்குள்ளை நான் சரிப்படுத்துவன்.”

ஞாயிறு பூசைக்குப் பிறகு, படம் பார்க்கவென்றே அவளுடைய அக்கா சூசையம்மாவும் புருசனும் எழுவைதீவிலிருந்து படகேறி வருவதாக இருந்தது.

கொம்பியூட்டரை நிற்பாட்டித் திரும்பப் போட்டேன். பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தேன். ஊதினேன். ஈரம் பிடித்திருக்கும் என்று அரிசி வாளிக்குள் ஒரு நாள் புதைத்தேன்.

“அந்தோனியாருக்கு ஒரு மெழுகுதிரி கொளுத்தட்டே?”

“காணாமல் போனதுக்குத்தானே அந்தோனியார். பெட்டி என்ரை கையிலை இருக்கு.”

“கொம்பியூட்டர் காணேல்லை எண்டுதானே சொல்லுது?”

நான் பெட்டியை இன்னொருக்கால் ஊதினேன். அவள் வயரைத் தூக்கிப் பார்த்தாள்.

“இதுக்கேன் இரண்டு தலை? நீங்கள் ஒண்டைத்தானே செருகியிருக்கிறியள்?”

“மற்றது ஸ்பெயார்.”

என் ஐயா கடலுக்குப் போனவர். எஞ்சினுக்கு ஸ்பெயார் பிளக் இல்லாமல் வள்ளம் இறக்கமாட்டார். உப்புப் பிடிக்காமல் அதைப் பொலித்தீனில் சுற்றி நூலால் கட்டி வைத்திருப்பார். நானும் அவருடைய மகன்தானே. வந்த அன்றைக்கே இரண்டாவது தலையைப் பொலித்தீனில் சுற்றி, அவளுடைய நூலாலேயே இறுக்கிக் கட்டிவிட்டேன்.

வியாழக்கிழமை யாழ்ப்பாணத்துக்கு பஸ் ஏறினேன். பெட்டியைக் கொண்டுபோகவில்லை. கறுப்புப் பெட்டி, அதிலே வயர்: எனக்கு இரண்டு மொழி தெரியும், இரண்டிலும் அதை ஆமியின் காவலரணில் விளங்கப்படுத்த ஏலாது.

“சாமானைக் கொண்டுவந்தனீங்களோ?” என்றான் கடைக்காரன்.

“இல்லை.”

“அப்ப நான் எதைப் பாக்கிறது அண்ணை? உங்களையோ?”

வீடு திரும்பினால் ஜெனீற்றாவின் கண் சிவந்திருந்தது.

“வெங்காயம் வெட்டினனான்.”

அன்றைய கறியில் வெங்காயம் இருக்கவில்லை. நான் அதைப் பெரிதாக எடுக்கவில்லை.

“ஞாயிற்றுக்கிழமையும் ஏலாமல் போனால்?” என்று கேட்டாள்.

“மேசையை நீர் எடும்!”

“அக்காவுக்கு முன்னாலையும் இதைச் சொல்லுவியளோ?”

“மாதாவாணை!”

ஞாயிறு வந்தது. பூசைக்கு உடுத்த உடுப்போடு மச்சாளும் சகலன் எமிலியானுஸும் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார்கள். செருகினேன். ‘டிங்.’

“தம்பி, படம் எப்ப துவங்கும்?” என்றார் எமிலியானுஸ்.

“இப்ப துவங்கும் அண்ணை.”

‘டிங்.’

“சத்தம் நல்லாயிருக்கு” என்றாள் மச்சாள். “மூண்டு மணிக்குக் கடைசிப் படகு. என்ரை பெறாமகளைச் சீலையோடை பாப்பனோ, இந்த மணிச் சத்தத்தோடை போவனோ?”

இரண்டரை மணிக்கு என் சேட் முதுகோடு ஒட்டிவிட்டது.

“எனக்குத் தெரியேல்லை” என்றேன். “மேசை ஜெனீற்றாவுக்கு.”

“கேட்டனீங்கள்தானே அக்கா?”

“ஓம், வடிவாய்க் கேட்டனான்.”

ஜெனீற்றா கத்தரிக்கோலை எடுத்து வந்தாள். நூலை வெட்டினாள். பொலித்தீனை உரித்தாள். ஸ்பெயார் தலையை மற்றத் தலைக்குப் பக்கத்து ஓட்டையில் செருகினாள். பெட்டி உறுமியது. திரையில் வெள்ளை முக்காட்டோடு நிலக்சனா சிரித்தாள். மச்சாள் மூக்கைச் சீறத் தொடங்கினாள்.

“ஒரு தலையாலை வாற கறண்ட் அதுக்குக் காணாது” என்றாள் ஜெனீற்றா.

“உமக்கு எப்ப தெரியும்?”

“நீங்கள் வியாழக்கிழமை ரவுணுக்குப் போன நேரம். மூண்டு தரம் பாத்தனான்.”

“பிறகேன் திரும்பச் சுத்திக் கட்டினீர்?”

“ஸ்பெயார் எண்டனீங்கள். உப்புப் பிடிக்கக்கூடாதெல்லே?”

படகு போன பிறகு, கொம்பியூட்டரை வெங்காயக் கூடைக்குப் பக்கத்தில் வைப்பது என்று நான் முடிவெடுத்தேன்.