கூடைப்பந்து முன்மாதிரிகளின் பொற்காலம்

நெருப்பு, சக்கரம், அச்சு இயந்திரம் என்று மனித குலம் எத்தனையோ கண்டுபிடித்திருக்கிறது. அந்த வரிசையில், கல்லூரிக் கூடைப்பந்து வீரர்களை ஊர்ச் சிறுவர் சிறுமியருக்கு "முன்மாதிரி"களாக நியமனம் செய்யும் முறையையும் சேர்க்காமல் விட்டால் சரித்திரம் நம்மை மன்னிக்காது. அந்த மகத்தான முறை பிறந்த வேளையில், பக்கத்திலேயே தோளில் துண்டோடு நின்றுகொண்டிருந்த பாக்கியசாலி ஏணி.

ஏணி என்பது பெற்றோர் வைத்த பெயர் அல்ல. உயரத்தைப் பார்த்துக் கல்லூரி வைத்தது. உயரம் இருந்தால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று நம்பிப் பயிற்சியாளர் அவனை அணியில் சேர்த்தார். மற்றது எதுவும் வரவில்லை. ஆட்டம் நடக்கும்போதெல்லாம் ஏணி பெஞ்சில் உட்கார்ந்து துண்டுகளை மடிப்பான். களைத்து வருகிறவர்களுக்குத் தண்ணீர் பாட்டிலைத் திறந்து கொடுப்பான். அதில் அவனை அடித்துக்கொள்ள ஆள் கிடையாது.

அன்றைக்கும் கல்லூரி அணி வழக்கம்போல் தோற்றது. ஆட்டம் முடிந்ததும் பார்வையாளர் படிகளிலிருந்து ஒரு சிறுமி தடதடவென்று இறங்கி ஓடி வந்தாள். அவள் ஏணியின் அக்கா மகள். வீட்டில் வாலு என்று கூப்பிடுவார்கள். காரணம் சொல்லத் தேவையில்லை. பள்ளிக்கூடத்திலிருந்து நேரே வந்திருந்ததால் கையில் கணக்கு நோட்டு இருந்தது. கேப்டனின் முன்னால் போய் நின்று, "அண்ணா, ஒரே ஒரு தடவை நானும் போட்டுப் பாக்கட்டுமா?" என்று கேட்டாள்.

கேப்டன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. நோட்டைப் பார்த்தான். வாங்கி, ஒரு வகுத்தல் கணக்குக்குக் குறுக்காகக் கையெழுத்துப் போட்டுத் திருப்பிக் கொடுத்தான். ஆட்டத்தில் உருப்படியாக ஒரு படம்கூடக் கிடைக்காத பத்திரிகைக்காரர் அந்த நேரம் பார்த்து அதைப் படம் எடுத்துவிட்டார். மறுநாள் "தோல்வியிலும் ஒரு முன்மாதிரி" என்ற தலைப்போடு அது வெளிவந்தது.

கல்லூரி முதல்வருக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. உடனே கூட்டம் போட்டார். பல வருடங்களாகத் தோற்றுக்கொண்டே இருக்கும் அணியை எதற்காக வைத்திருக்கிறோம் என்ற கேள்விக்கு அன்றுவரை அவரிடம் பதில் கிடையாது.

"ஜெயிக்கிறது என்ன பெரிய விஷயமா? எதிர் டீம்கூடத்தான் ஜெயிக்கிறாங்க" என்றார்.

இந்த வாதத்துக்கு யாரிடமும் மறுப்பு இல்லை. முன்மாதிரிக் குழு உதயமானது. தாவரவியல் பேராசிரியர் ஒருங்கிணைப்பாளர் ஆனார். செடி கொடிகளை வளர்த்த அனுபவம் பிள்ளைகளை வளர்க்கவும் கைகொடுக்கும் என்பது எண்ணம். அவரும் செடிகளை நடத்தியதுபோலவே பிள்ளைகளையும் நடத்தினார்: வைத்த இடத்தில் இருக்க வேண்டும்.

வாலுவுக்கு வீட்டில் வேறு கவலை. கணக்கு நோட்டில் கண்டவன் கையெழுத்து எப்படி வந்தது என்று டீச்சர் கேட்டிருந்தார். அதைவிடப் பெரிய கவலை, பந்து கிடைக்காதது. அழுகிற முகத்தைப் பார்க்கப் பொறுக்காமல் ஏணி வாக்குக் கொடுத்தான்.

"மாமா இருக்கேன்ல? ஒரு நாள் உன்னை உள்ளே கூட்டிட்டுப் போய், அந்த வளையத்துல போட வைக்கிறேன். சரியா?"

அவள் சரி என்றாள். சின்னப் பிள்ளை, அவனை முழுதாக நம்பிவிட்டாள்.

முன்மாதிரிக் குழு புயல் வேகத்தில் வேலை செய்தது. மெத்தைக் கம்பெனி முதலாளி ஒருவரைப் பிடித்து, விளையாட்டு அரங்கத்துக்குக் கண்ணாடிபோல் பளபளக்கும் மரத் தரை போட்டார்கள். அவ்வளவு நல்ல தரையில் முன்மாதிரிகளைத் தவிர வேறு யார் காலும் படக்கூடாது என்று விதி வந்தது. கல்லூரிக்குப் பின்னால், தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில், ஒரு கம்பமும் துருப்பிடித்த வளையமும் இருந்தன. தெருப் பிள்ளைகள் சாயங்காலம் அங்கே பழைய ரப்பர் பந்தை எறிந்துகொண்டிருப்பார்கள். கம்பம் நல்ல உறுதியானது என்பதைக் குழு கவனித்தது. வளையத்தைக் கழற்றிவிட்டு, கேப்டன் பந்தோடு அந்தரத்தில் பறக்கும் பிரம்மாண்டமான படத்தை அதில் மாட்டினார்கள். கீழே, "இவரைப் போல் ஆகுங்கள்" என்று எழுதியிருந்தது. எதைக் கொண்டு ஆவது என்று எழுத இடம் போதவில்லை.

வீரர்களின் பயிற்சியும் மாறியது. தோற்றபின் சிரிப்பது எப்படி, பேட்டியில் "அடுத்த ஆட்டத்தில் பார்ப்போம்" என்பதை எந்தக் குரலில் சொல்வது, குழந்தைகள் பார்க்கும் திசையில் உட்கார்ந்து ஷூ கயிறு கட்டுவது எப்படி என்றெல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். பந்துகள் எல்லாம் கையெழுத்துப் போடுவதற்குப் போயின. ஒவ்வொரு ஆட்டத்தின் முடிவிலும் குலுக்கலில் ஒரு பிள்ளைக்கு ஒரு பந்து கிடைக்கும், பிளாஸ்டிக் உறைக்குள். உறையின் மேல் ஒரு சிறு எச்சரிக்கை: தரையில் தட்டினால் கையெழுத்து அழிந்துவிடும். பயிற்சியாளர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்து, விளையாட ஒரு பந்தாவது விட்டு வைக்கும்படி கெஞ்சினார். குழு அதைப் பரிசீலனைக்கு எடுத்துக்கொண்டது.

இந்தப் பொற்காலத்தில்தான் ஏணிக்கு யோகம் அடித்தது.

யோசித்துப் பார்த்தால் அதில் ஆச்சரியமே இல்லை. மற்ற வீரர்கள் ஆட்டத்தில் இறங்கியதால் வேர்த்தார்கள், விழுந்தார்கள், நடுவரோடு மல்லுக்கு நின்றார்கள். ஏணி பெஞ்சைவிட்டு எழுந்திருக்காததால் அவன் சட்டை கசங்கவில்லை, தலை கலையவில்லை. அந்தப் பருவம் முழுவதும் ஒரு தவறுகூடச் செய்யாத ஒரே வீரன் அவன்தான். கையெழுத்தும் நீளமாக, அழகாக இருந்தது. குழு அவனைத் தலைமை முன்மாதிரி ஆக்கி, நீல நிற ஜாக்கெட் ஒன்றைப் போர்த்தியது. கேப்டனுக்கு வயிறு எரிந்தது.

வாழ்க்கையில் முதன்முறையாக யாரோ தன்னை ஒன்றுக்கு லாயக்கானவன் என்று சொல்லிவிட்டதில் ஏணிக்குத் தலைகால் புரியவில்லை. ஜாக்கெட்டைக் கழற்றாமலே சாப்பிட்டான். வீட்டுக் கண்ணாடி அவன் உயரத்துக்குப் போதாததால் முழங்காலை மடக்கி நின்று பார்த்துக்கொண்டான்.

"எப்ப மாமா?" என்று வாலு கேட்பாள்.

முதலில் புதுத் தரையின் வார்னிஷ் காய வேண்டியிருந்தது. பிறகு அவளுக்குப் பரீட்சை வந்தது. அப்புறம் குழு கூட வேண்டியிருந்தது. குழு கூடியபோது ஏணி வாயைத் திறக்கவில்லை. அக்கா மகளைத் தரையில் ஏற்றக் கேட்டால் ஜாக்கெட் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற பயம் அவனுக்கு இருந்தது. பல் மருத்துவமனையில் வரவேற்பு மேசையில் வேலை பார்க்கும் அக்காவுக்கு, வலி இருந்தும் நாள் கடத்துகிறவர்களைத் தினமும் பார்த்துப் பழக்கம்.

"முடியாதுன்னா முடியாதுன்னு சொல்லிடுடா. குழந்தையை எதுக்கு இழுத்தடிக்கிறே?" என்றாள் ஒரு நாள், செருப்பைக் கழற்றிக்கொண்டே.

கொஞ்ச நாளில் வாலு கேட்பதை நிறுத்திவிட்டாள். ஏணிக்கு அப்பாடா என்றிருந்தது. மறந்துவிட்டாள் என்று நினைத்துக்கொண்டான்.

வருட முடிவில் "முன்மாதிரி தினம்" வந்தது. அரங்கம் நிறைந்திருந்தது. மெத்தைக் கம்பெனி முதலாளி சிறப்பு விருந்தினர். கம்பெனியின் சோபாவையே அவருக்காகக் கொண்டுவந்து போட்டிருந்தார்கள். வீரர்களைப் பார்த்துப் பார்த்துப் பிள்ளைகள் என்ன கற்றுக்கொண்டார்கள் என்பதை அவர்களே செய்துகாட்டப் போவதாக ஒருங்கிணைப்பாளர் அறிவித்தார். அதற்காக மட்டும், புதுச் சாக்ஸ் அணிந்து தரையில் நடக்க விசேஷ அனுமதி.

பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். குறை சொல்ல இடமில்லை. ஒருவன் முழங்காலில் கட்டுப் போட்டுக்கொண்டு அழகாக நொண்டினான். ஒருத்தி தண்ணீரைப் பாதி குடித்து மீதியைத் தலையில் ஊற்றிக்கொண்டாள். இரட்டையர் இருவர் இல்லாத நடுவரைப் பார்த்துக் கையை விரித்துத் தலையில் அடித்துக்கொண்டார்கள். பொடியன் ஒருவன் ஒலிபெருக்கியைப் பிடித்து, "இந்தத் தோல்வி எங்களுக்கு ஒரு பாடம். அடுத்த ஆட்டத்துல பார்ப்போம்" என்றான். அரங்கமே எழுந்து கைதட்டியது. ஒருங்கிணைப்பாளர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

வாலு கடைசியாக வந்தாள். துண்டுகளை மடித்துப் பெஞ்சில் அடுக்கினாள். ஓரத்தோடு ஓரம் சேர்த்து, உள்ளங்கையால் நீவி, ஏணி எப்படி மடிப்பானோ அச்சு அசலாக அப்படியே. பிறகு கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். கூட்டம் சிரித்தது. ஏணிக்கும் முதலில் சிரிப்புதான் வந்தது.

சிறப்பு விருந்தினர் மெத்தை விற்கிறவர்; கூடைப்பந்து விதிகளோ குழுவின் விதிகளோ அவருக்குத் தெரியாது. உற்சாகத்தில் சோபாவிலிருந்து எழுந்து, "பாப்பா, அதெல்லாம் இருக்கட்டும். ஒரு பந்து போட்டுக் காட்டு" என்று சொல்லி, மேசையில் காட்சிக்கு வைத்திருந்த பந்தை எடுத்து அவள் கையில் கொடுத்துவிட்டார்.

ஒருங்கிணைப்பாளருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. விருந்தினரைத் தடுக்க முடியுமா?

வாலு பந்தைப் பார்த்தாள். திருப்பித் திருப்பிப் பார்த்தாள். வளையத்தை ஏறெடுத்தும் பார்க்கவில்லை. பாவாடைப் பையிலிருந்து பேனாவை எடுத்தாள். பந்தை மடியில் வைத்து, நாக்கைக் கடித்துக்கொண்டு, நீளமாக, அழகாகக் கையெழுத்துப் போட்டாள். விருந்தினரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் பழையபடி பெஞ்சில் உட்கார்ந்துகொண்டாள்.

கைதட்டல் கூரையைப் பிளந்தது. விருந்தினர் பந்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டார்.

ஏணிக்கு மட்டும் வெட்கம் பிடுங்கித் தின்றது. இந்தப் பிள்ளை எதையும் மறக்கவில்லை. தன்னைப் பார்த்துப் பார்த்து, ஆசையை மடித்து வைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறாள். அவளுக்குப் பெஞ்சைக் காட்டியது வேறு யாரும் இல்லை, தான்தான் என்று அவனுக்கு உறைத்தது. என்ன செய்கிறோம் என்று யோசிப்பதற்கு முன்பே எழுந்து போய், விருந்தினரின் கையிலிருந்த பந்தை வாங்கி அவளிடம் நீட்டிவிட்டான்.

"கையெழுத்து வேணாம். தட்டு."

"அழிஞ்சிடும் மாமா."

"அழியட்டும்."

அவள் ஒருமுறை தட்டினாள். பந்து அவள் காலிலேயே பட்டு ஓடியது. ஏணி பாய்ந்து போய் எடுத்து வந்தான். அவன் பாய்ந்ததை அந்தக் கல்லூரி அன்றுதான் பார்த்தது. அவள் இரண்டு கையாலும் பந்தை வயிற்றருகே பிடித்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு எறிந்தாள். பந்து வளையத்துக்குப் பாதி தூரம்கூடப் போகவில்லை. அவள் வாய்விட்டுச் சிரித்தாள். அந்தச் சிரிப்பைக் கேட்டதும் நொண்டிக்கொண்டிருந்த பையனின் கால் குணமாகிவிட்டது. சாக்ஸைக் கழற்றி எறிந்துவிட்டு எல்லாப் பிள்ளைகளும் தரையில் இறங்கினார்கள். ஒருவன் எறிந்த பந்து விருந்தினரின் சோபாவில் போய் விழுந்தது. அவர் அதைத் திருப்பி எறிந்தார். அன்று ஒரு பந்துகூட வளையத்துக்குள் விழவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அந்த விஷயத்தில் மட்டும் பிள்ளைகள் கல்லூரி அணியை அப்படியே பின்பற்றினார்கள்.

மறுநாளே விசாரணைக் குழு கூடியது.

"குழந்தைங்க முன்னாடி நீ என்ன பண்ணினேன்னு தெரியுதா?" என்று ஒருங்கிணைப்பாளர் கேட்டார்.

"பந்து விளையாடினேன் சார்."

"அதையும் எவ்வளவு தைரியமா சொல்றான் பாருங்க" என்றார் அவர் மற்றவர்களிடம்.

பயிற்சியாளர் ஏணிக்காகப் பரிந்து பேசினார். இந்த வருடம் முழுக்க நம் அணியில் உண்மையாக விளையாடிய ஒரே ஆள் அவன்தான் என்றார். அதைக் குற்றச்சாட்டுக்குக் கூடுதல் ஆதாரமாகச் சேர்த்துக்கொண்டார்கள். ஜாக்கெட் பறிக்கப்பட்டது. கேப்டனுக்கு அது தோளில் இறுக்கமாக இருந்தாலும் போட்டுக்கொண்டான்.

குழுவின் அச்சம் வீண்போகவில்லை. அடுத்த ஆட்டத்தின்போது பார்வையாளர் படிகளில் ஒரு பிள்ளைகூட இல்லை. விசாரித்ததில், எல்லோரும் பிளாஸ்டிக் உறைகளைக் கிழித்துவிட்டு, தெருக்கோடிச் சுவரில் கரியால் ஒரு வட்டம் போட்டு, கையெழுத்துப் பந்துகளை அதன்மேல் எறிந்துகொண்டிருப்பதாகவும், ஏணி நடுவில் நின்று பொறுக்கிப் போட்டுக்கொண்டிருப்பதாகவும் தெரியவந்தது. ஓர் இளைய தலைமுறையே இப்படித் தடம் புரண்டதற்கு ஏணி ஒருவன்தான் பொறுப்பு என்று குழு ஒருமனதாகத் தீர்மானித்தது. நியாயமாகப் பார்த்தால் நாமும் அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். குழுவில் இருந்த யார்மீதும், அந்தப் பிள்ளைகளிடம் விளையாட ஒரு பந்தைக் கொடுத்ததாகக் குற்றம் சாட்டவே முடியாது.