பெயர் வெளியிட விரும்பாத முறைப்பாட்டாளர்

முறைப்பாடு செய்தவரின் பெயரை, எவர்மீது முறைப்பாடு செய்யப்பட்டதோ அவருக்கு வெளியிடலாகாது. அரச சேவையில் சேர்ந்த புதிதில் எங்கள் பிரதம லிகிதர் என்னை மனனம் செய்ய வைத்த விதி இது. ஓய்வுபெறும்வரை நான் அதை மீறியதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, என் விடயத்திலேயே அது மீறப்பட்டது. மீறுவதற்கான சகல வசதிகளையும் நானே செய்துகொடுத்தேன்.

பக்கத்து வீட்டு நசீர், கட்டுகஸ்தோட்டையில் ஹாட்வெயார் கடை வைத்திருப்பவர். மாதாமாதம் என்னைப் பேராதனை ஆஸ்பத்திரி கிளினிக்குக்குத் தன் வான் வண்டியில் கூட்டிப்போகிறவரும் அவரே. அவருடைய பலாமரத்தின் ஒரு கிளை எங்கள் கூரைக்கு மேல் நீண்டிருந்தது. பழம் விழுந்தால் ஓடு உடையும். (விழுந்த பழத்தையும் நசீர் அனுப்பும் பழத்தையும் நாங்கள் சுளை எடுத்துத் தின்றுவிடுவோம். அது வேறு விடயம்.)

"மதிலுக்கு மேலால ஒருக்கா சொல்லுங்கோவன். அந்த மனுசன் அண்டைக்கே வெட்டிப்போடும்" என்றாள் மனைவி.

"வாயால சொன்னது அலுவலகக் கோவையில ஏறாது" என்றேன்.

முறைப்பாடுகளை இனி இணையத்தளத்திலேயே ஏற்போம் என்று எங்கள் உள்ளூராட்சி சபை அறிவித்திருந்தது. என் கணினியோ இடி விழுந்து செத்துப் பல மாதம். கைத்தொலைபேசியில் எழுத்துகள் எறும்பாக ஊர்ந்தன. ஆகவே நசீரின் கணினியை இரவல் கேட்டேன். (ஆம், நசீரின் கணினியைத்தான். நான் பட்டதாரி.) பென்ஷன் விடயம் என்று சொல்லிவைத்தேன்.

"உங்கட வேலையப் பாருங்க சேர்" என்று கதிரையைத் துடைத்துப் போட்டுவிட்டு அவர் கடைக்குப் போனார். அவர் மனைவி பிளேன்டீ கொண்டுவந்து வைத்தார்.

தளத்தைத் திறந்ததும் தனியுரிமை அறிவித்தல் வந்தது. வாசிக்காமல் ஒப்பமிடுவது என் வழக்கமில்லை. மும்மொழியிலும் வாசித்து ஒப்பிட்டேன். தமிழில் ஒரு பந்தியைக் காணவில்லை, அதையும் குறித்துக்கொண்டேன். என் விவரங்கள் இரகசியமாகப் பேணப்படும் என்றும், என்னை நினைவில் வைத்திருப்பதற்காகக் குக்கீ எனப்படும் சிறு கோப்புகள் இந்தக் கணினியில் சேமிக்கப்படும் என்றும் இருந்தது. இந்தக் கணினி யாருடையது என்ற ஒன்றைத் தவிர மற்ற எல்லாவற்றையும் யோசித்துவிட்டு, 'அனைத்தையும் ஏற்கிறேன்' என்பதை அழுத்தினேன்.

பிறகு எழுதினேன்: 'அயலவர் நல்ல மனிதர். எனினும் மரங்கள் விடயத்தில் பொறுப்பற்றவர். பழங்களைத் தந்து விடயத்தை மூடி மறைத்து வருகிறார்.'

அடுத்த கிழமை நசீர் வீட்டுக்கான சோலைவரி கட்ட அதே தளத்தைத் திறந்திருக்கிறார். என்னைக் கூப்பிட்டனுப்பினார். திரையில், 'வருக திரு. சிவபாதம், உங்கள் முறைப்பாடு கிடைத்துள்ளது' என்று இருந்தது. கீழே நான் எழுதியது முழுவதும் கிடந்தது. ஒரு எழுத்தைக்கூடச் சபை தொலைக்கவில்லை.

"பொறுப்பற்றவர்னு ஈக்கிதே சேர், அது நான்தானா?"

"அது... பொதுவாக எழுதினது."

"பழம் தந்து மூடி மறைக்கிறேனாம்." என் பக்கம் திரும்பினார். "பழம் நல்லா இருந்திச்சா சேர்?"

மறுநாள் காலை கிளை இல்லை. பழமும் வரவில்லை. கிளினிக் நாளில் வான் ஹோர்ன் அடிக்கவில்லை. பஸ்ஸில் நின்றுகொண்டே கண்டிக்குப் போய், அங்கே இன்னொரு பஸ் பிடித்துப் பேராதனைக்குப் போனேன். முழங்கால் வீங்கித் திரும்பியவனிடம், "இப்ப எல்லாம் கோவையில ஏறிட்டுதோ?" என்று கேட்டாள் மனைவி.

என் விவரங்களை அழிக்கும்படி கேட்கச் சபைக்குப் போனேன். கருமபீடத்துக்குப் பின்னால் இருந்த பிள்ளை மரியாதையாகச் சொன்னாள்:

"ஐயா, நீங்க போட்ட அதே கம்ப்யூட்டர்ல போயி நீங்களே அழிச்சிரலாங்க."

அந்தக் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் என்னையே அழித்துவிட்டார்கள் என்பதை அவளுக்கு எப்படி விளக்குவது? விதியைச் சுட்டிக்காட்டி, பதிவுத் தபாலில் கடிதம் அனுப்பினேன். ஞாபகமூட்டல் அனுப்பினேன். ஞாபகமூட்டலை ஞாபகமூட்டினேன். இதற்கிடையில் கிளினிக்குகள் வந்து போயின. மதிலுக்கு அப்பால் வான் புறப்படும் சத்தம் மட்டும் கேட்கும்.

ஒரு நாள் வாசல் கேற்றில் நசீர். கையில் சபையின் கடிதம். அவர் பெயருக்கு வந்தது. முகத்தில் ஒன்றையும் காட்டாமல் வாசித்தார்:

"'மேற்படி முறைப்பாட்டாளர் திரு. சிவபாதம் அவர்களின் வேண்டுகோளுக்கிணங்க, அன்னாரின் பெயர் தங்களுக்குத் தெரியாதவாறு இரகசியமாகப் பேணப்படும் என்பதை இத்தால் அறியத்தருகிறோம்.'" கடிதத்தை மடித்தார். "யார் சேர் இந்த ஆள்? உங்களுக்குத் தெரியுமா?"

"கேள்விப்பட்டதில்லை" என்றேன்.

உள்ளேயிருந்து என் மனைவிதான் முதலில் சிரித்தாள். நசீர் கேற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். இப்போது கிளினிக் நாளில் ஹோர்ன் அடித்துவிட்டு, "பேர் தெரியாத சேர், ஏறுங்க!" என்று தெருவே கேட்கக் கூப்பிடுகிறார். அனுப்பும் பழத்தில் சோக்கட்டியால் 'இரகசியம்' என்று எழுதியிருக்கும்.

சபையிடமிருந்து எனக்குரிய பதில் இன்னும் கிடைக்கவில்லை. அவருக்குரியது கிடைத்துவிட்டது.