மாதிரிக்கு ஒரே ஒரு அறை

போன மாதம் சகலையின் வேன் அந்த மூன்று மாடி ஆபீஸ் வாசலில் நிற்பதைப் பார்த்ததிலிருந்து பெரிய மாப்பிள்ளைக்குச் சோறு இறங்கவில்லை.

மாமனார் வீட்டில் அவர்தான் மூத்தவர். துப்புரவுத் தொழிலை முதலில் தொடங்கியவரும் அவர்தான். அவரிடம் மாப் பிடிக்கக் கற்றுக்கொண்டு போன சின்ன மாப்பிள்ளை ஆபீஸ் வேலைக்குப் போகிறான். இவரோ இன்னும் வீடு வீடாகக் கட்டிலுக்கடியில் தவழ்ந்துகொண்டிருக்கிறார். வயிறு எரியாமல் என்ன செய்யும்?

"ஆபீஸ் வேலைன்னா தனி மரியாதைதான் அக்கான்னு தங்கச்சி போன்ல சொல்றா," என்றாள் மனைவி.

"நான் கேட்டேனா?"

"வாய் கேக்கலை. மூஞ்சி கேட்டுச்சு."

மறுநாளே சலவைச் சட்டையை மாட்டிக்கொண்டு அந்த ஆபீஸ் மேனேஜர் முன்னால் போய் நின்றார்.

"போன மாசம்தானே ஒருத்தர் வந்து பண்ணிட்டுப் போனாரு?" என்றார் மேனேஜர்.

"அவன் என் சகலைதான் சார். தங்கமான பையன். ஆனா மூலைன்னா அவனுக்கு ஆகாது. நடுவுல மட்டும் துடைச்சிட்டுக் கிளம்பிடுவான்."

மேனேஜர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "சகலையா? அப்ப நீங்க அவரைவிட நல்லாப் பண்ணுவீங்களோ?"

போதாதா? "மாதிரிக்கு ஒரு அறை குடுங்க சார். காசே வேண்டாம். பிடிச்சா காண்ட்ராக்ட் குடுங்க."

அறை பளிச்சென்று ஆனது. அங்கேதான் வினை. அந்த அறையிலிருந்து வெளியே வந்த மேனேஜர் மூக்கைச் சுளித்தார்.

"உள்ளே பார்த்துட்டு வந்தா வராந்தாவைப் பார்க்கவே கூச்சமா இருக்கே!"

உண்மைதான். வராந்தாவைத் தேய்த்தார். இப்போது மாடிப்படி அழுது வடிந்தது. படியைத் தேய்த்தால் மேல்மாடி பல்லை இளித்தது. எங்கே நிறுத்தலாம் என்று மாப்பைச் சுவரில் சாய்த்தபோதெல்லாம், "உங்க சகலை இந்த இடத்துல கொஞ்சம் சறுக்கிட்டாரு," என்று மேனேஜர் ஒரு வார்த்தை போட்டுவிட்டுப் போவார். உடனே மாப் மறுபடி கைக்கு வந்துவிடும்.

இதற்கிடையில் வாடிக்கை வீட்டம்மாக்கள் போனில் கத்தினார்கள். "வருவீங்களா, மாட்டீங்களா?"

"இப்ப நாங்க ஆபீஸ்தாம்மா பண்றோம்," என்றார் கெத்தாக. ஒருவர் பின் ஒருவராக வேறு ஆள் பார்த்துக்கொண்டார்கள். இனி இந்தக் காண்ட்ராக்ட்டை விட்டால் அவருக்கு வேறு பிழைப்பு இல்லை.

மனைவி சண்டைக்கென்றே ஆபீஸுக்கு வந்து சேர்ந்தாள். "இருந்த வீடுங்களையும் தொலைச்சிட்டு ஓசியில ஊழியமா? வாங்க வீட்டுக்கு!"

"ஜன்னல் ஒண்ணுதான் பாக்கி. தெரியுமா, உன் தங்கச்சி புருஷன் கண்ணாடியில ஈரக்கோடு விட்டுட்டுப் போயிருக்கான்."

அவள் முகத்தில் கோபம் போன இடம் தெரியவில்லை. முந்தானையை இடுப்பில் செருகினாள். "எந்த ஜன்னல்?"

இருவருமாகச் சேர்ந்து மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி வரைக்கும் கழுவி முடித்தார்கள். கட்டிடமே கண்ணைப் பறித்தது. மேனேஜர் கைகுலுக்கினார். "அருமை. நாங்க கலந்து பேசிட்டுச் சொல்லி அனுப்பறோம்."

வாளியும் மாப்புமாக வெளியே வந்தபோது பெரிய மாப்பிள்ளைக்கு இடுப்பு ஒடிந்திருந்தது. ஆனால் நெஞ்சு குளிர்ந்திருந்தது.

"அவன் மூஞ்சியில ஈயாடாது பாரு," என்றார் மனைவியிடம்.

கேட்டைத் திறந்துவிட்ட வாட்ச்மேன் தலையைச் சொறிந்தார்.

"சார், போன மாசம் உங்க சகலை மொத்தக் கட்டிடத்தையும் ஓசியில கழுவிட்டுப் போறப்பவும் இதே மாதிரி 'கலந்து பேசிட்டுச் சொல்றோம்'னுதான் சொல்லி அனுப்புனாங்க, உங்க மாமனாருக்கு மூணாவதா ஒரு மாப்பிள்ளை இருக்காரான்னு மேனேஜர் கேக்கச் சொன்னாரு, அடுத்த மாசத்துக்கு ஆள் இல்லையாம்."