ஆறு மணி பிரெஞ்சு வகுப்பு

ஏகநாதன் பிரெஞ்சு படிக்க முடிவெடுத்ததற்கும் பிரான்சு தேசத்துக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. காரணம் கத்தரிக்காய்.

விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு சிட்லபாக்கம் வீட்டில் வந்து உட்கார்ந்த மறுநாளே, மனைவி தனம் அவர் கையில் ஒரு துணிப்பையைக் கொடுத்துவிட்டாள். தினமும் சாயங்காலம் ஆறு மணிக்கு மேற்குத் தாம்பரம் மார்க்கெட். ரயில்வே மேம்பாலப் படிக்கட்டு ஏறி இறங்கிப் போய் வாங்கி வந்ததைத் தனம் கூடத்தில் கொட்டி, ஒவ்வொரு கத்தரிக்காயாகத் திருப்பிப் பார்ப்பாள். முப்பது வருஷம் தொழிற்சாலையில் இரும்புச் சாமான்களைச் சோதித்து, தேறாததைத் தூக்கியெறிந்த மகா அதிகாரி அவர். அவரிடம் சொல்வாள்: "பாதி சொத்தை. போய் மாத்திட்டு வாங்க."

பெங்களூரில் வேலைக்குப் போன மகன் விட்டுப்போன கம்ப்யூட்டர் சும்மா கிடந்தது. பிராட்பேண்டும் புதிதாக வந்திருந்தது. ஏகநாதனுக்கு ஞானம் பிறந்தது.

"தனம், நான் பிரெஞ்சு கத்துக்கப் போறேன்."

"எதுக்குங்க?"

"மூளைக்கு நல்லதாம். இன்டர்நெட்டுல வகுப்பு. ஆறுலேர்ந்து ஏழு வரைக்கும் நாற்காலியை விட்டு அசையக் கூடாது."

"காலையில வைக்க மாட்டாங்களா?"

"நமக்குக் காலையில அவங்களுக்கு நடுராத்திரி. அதெல்லாம் உனக்குப் புரியாது."

உண்மையில் அது எந்நேரமும் திறந்து கிடக்கிற இலவசப் பாடம். படத்தைத் தட்டினால் ஒரு பெண் குரல் பிரெஞ்சில் பேசும். அவ்வளவுதான். எட்டாவதோடு நின்றுபோன தனத்துக்கு இது எங்கே தெரியப்போகிறது என்று அவருக்கு ஒரு தைரியம்.

முதல் மூன்று நாள் நிஜமாகவே படித்தார். "போன்ஜூர்" என்று வணக்கம் சொன்னது குரல். "போன்ஜூர்" என்றார் இவர்.

"என்னங்க, மூக்கடைப்பா? ஆவி பிடிக்கிறீங்களா?"

"பிரெஞ்சை மூக்காலதான் பேசணும்."

"சளி பிடிச்சா எனக்கே வருமே. இதுக்குப் போய் கம்ப்யூட்டரா?"

நாலாம் நாள் அவருக்கு அலுத்துப்போயிற்று. திரையில் சீட்டுக்கட்டை விரித்தார். ஐந்து நிமிஷத்துக்கு ஒருதரம் முதல் பாடத்தை ஒரு தட்டு தட்டுவார். "போன்ஜூர்" என்று வீடு முழுக்கக் கேட்கும். வகுப்பு நடக்கிறதாம்! போகும்போதும் வரும்போதும் அதைக் கேட்டபடி, தனம் முட்டிவலியோடு பையைத் தூக்கிக்கொண்டு படிக்கட்டு ஏறி இறங்குவாள்.

இரண்டு வாரம் போயிற்று. ஒருநாள் பையை இறக்கி வைத்துவிட்டு முட்டியைத் தேய்த்துக்கொண்டே கேட்டாள்:

"ஏங்க, அந்தப் பொண்ணு தினம் அதையேதானே சொல்றா? வேற ஒண்ணும் தெரியாதா அவளுக்கு?"

"அஸ்திவாரம் பலமா இருக்கணும், தனம்."

"இப்ப உங்களுக்குப் பிரெஞ்சு நல்லா வருமா?"

"வெள்ளைக்காரனே அசந்துபோவான்."

தனம் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போய்விட்டாள். புருஷனுக்கு எவ்வளவு பெருமை!

மறுநாள் ஆறு மணிக்கு அழைப்புமணி அடித்தது. வாசலில் தெருப்பிள்ளைகள் மூன்று பேர், நோட்டும் கையுமாக. நிகில், மாளவிகா, சோயா.

"குட் ஈவினிங் அங்கிள். பிரெஞ்சு டியூஷன்."

ஏகநாதன் சீட்டுக்கட்டைச் சட்டென்று மூடினார். "யார் சொன்னது?"

"நான்தாங்க" என்றாள் தனம், அன்று மார்க்கெட்டுக்குப் போகாமல் அடுப்படியிலிருந்து. "மார்க்கு அள்ளலாம்னு பிளஸ் ஒண்ணுல பாதிப் பிள்ளைங்க பிரெஞ்சு எடுக்குதுங்க. சொல்லிக்குடுக்கத்தான் ஆளில்ல. வீட்லயே ஒரு மேதையை வச்சுக்கிட்டு நான் சும்மா இருக்க முடியுமா? தினம் ஆறு மணிக்கு வரச் சொல்லிட்டேன்."

சோயா ஒரு தடிப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். "இந்தப் பக்கம் ஒண்ணுமே புரியல அங்கிள்."

ஏகநாதன் கண்ணாடியைப் போட்டார். கழற்றித் துடைத்தார். மறுபடி போட்டார். எழுத்து மட்டும் மாறவில்லை.

"முதல்ல அஸ்திவாரம். எல்லாரும் சொல்லுங்க, போன்ஜூர்."

"அது தெரியும் அங்கிள்" என்றான் நிகில். "உங்க ஜன்னல் வழியா தெருவுக்கே தெரியும். அடுத்தது?"

"மெர்சி. நன்றின்னு அர்த்தம்."

"அடுத்தது?"

அத்தோடு அவருடைய பிரான்சு முடிந்து கடல் வந்துவிட்டது. தண்ணீர் குடிக்க ஐந்து தடவை எழுந்து போனார். ஏழடிக்கும்போது சட்டை நனைந்திருந்தது.

கிளம்பும்போது நிகில் சொன்னான்: "நாளைக்கு அப்பாவும் வருவார் அங்கிள். அவரெதிரே ஒரு பாடம் நடத்திக் காட்டணுமாம்."

மறுநாள் ஐந்தேகாலுக்கே ஏகநாதன் ஆணியில் மாட்டியிருந்த துணிப்பையை எடுத்துவிட்டார்.

"எங்கே கிளம்பிட்டீங்க? பசங்க வருமே!"

"உன் முட்டி என்னத்துக்கு ஆகறது? மார்க்கெட்டுக்கு நானே போறேன்."

"ஐயோ, பிரெஞ்சு?"

"அதைத் தலைமுழுகிட்டேன். பசங்களை வர வேண்டாம்னு சொல்லிடு."

"எத்தனை நாளைக்குச் சொல்றது? இன்னைக்கு மட்டுமா?"

"எப்பவுமேதான்!"

"அப்படின்னா தினமும் மார்க்கெட்டுக்கு நீங்கதான் போவீங்க?"

"நான்தான், நான்தான். வழியை விடு."

தனம் வழியை விட்டாள்.

பத்து நாள் கழித்து, காய்கறிக் கடையில் குனிந்திருந்தவரை யாரோ கூப்பிட்டார்கள். நிகிலின் அப்பா ராஜகோபாலன். ஏகநாதனுக்கு ஒளிய இடமில்லை. தானே முந்திக்கொண்டார்.

"மன்னிச்சுக்குங்க சார், உடம்பு சரியில்ல. உங்க பையனுக்குப் பிரெஞ்சு வகுப்பு எடுக்க முடியாமப் போச்சு."

"பிரெஞ்சா?" ராஜகோபாலன் விழித்தார். "அவன் ஸ்கூல்ல பிரெஞ்சே கிடையாதே சார். ஒருநாள் சாயங்காலம் உங்க வீட்ல நோட்டோட வந்து உட்காரணும்னு மேடம் கூப்பிட்டாங்களாம். போயிட்டு வந்து ஒரே சிரிப்பு. அந்தத் தடிப் புத்தகம்கூட மேடமே பழைய பேப்பர் கடையில தேடி எடுத்ததாமே? உங்களுக்குத் தெரியாதா?"

ஏகநாதன் பொறுக்கிய கத்தரிக்காயை எல்லாம் தட்டில் கொட்டிவிட்டு, முதலிலிருந்து ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்க்க ஆரம்பித்தார்.