மங்களம் அண்ணனும் நாட்றாம்பாளையம் பாறையும்

நாளைக்கு உலகம் அழியப்போகிறது என்று டிவியில் சொன்னால், ஓசூரில் ஒரே ஒருவர் மட்டும் நிமிர்ந்துகூடப் பார்க்காமல் சாப்பாட்டை முடிப்பார். அவர்தான் மங்களம் அண்ணன். நான் அப்பவே சொன்னேனே என்றுகூடச் சொல்ல மாட்டார். சொல்லி என்ன ஆகப்போகிறது என்று கையைக் கழுவப் போய்விடுவார்.

அவருடைய சொந்தப் பெயர் சம்பளச் சீட்டில் மட்டும்தான் இருக்கும். கெலமங்கலத்துக்காரர் என்பதால் அப்படிக் கூப்பிடுகிறார்கள் என்று புதிதாகச் சேருகிறவர்கள் நினைத்துக்கொள்வார்கள். ஊருக்கும் பெயருக்கும் சம்பந்தமில்லை. எதைக் காட்டினாலும் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "அப்புறம் மங்களம்தான்" என்பார். அதனால் ஒட்டிக்கொண்ட பெயர். சிப்காட்டில் வண்டி உதிரி பாகம் செய்யும் கம்பெனியில் அவர் மெயின்டனன்ஸ் ஃபிட்டர், நான் ஸ்டோர்ஸ்.

ஒருமுறை புது பிரஸ் மெஷின் வந்து இறங்கியது. மாலை போட்டு, பூசணிக்காய் சுற்றி, எம்.டி. கையால் பட்டனை அழுத்தி எல்லாரும் கைதட்டினோம். அண்ணன் மட்டும் மெஷின் மேல் காதை வைத்துக் கேட்டுவிட்டு, துக்க வீட்டிலிருந்து வருகிறவர் போல வெளியே வந்தார். தீபாவளி தாண்டாது என்றார். தாண்டவில்லை. எச்.ஆர். மேனேஜர் மகன் கல்யாணப் பத்திரிகையைக் கொடுத்தபோது, மண்டபம் மூன்றாவது மாடியா, லிஃப்ட் நின்றுவிடும் என்றார். மாப்பிள்ளை லிஃப்டுக்குள் மாட்டிக்கொண்டார், கெட்டிமேளக்காரர்கள் மாடியில் வாசிக்கலாமா கூடாதா என்று தெரியாமல் உட்கார்ந்திருந்தார்கள். அதற்குப் பிறகு கம்பெனியில் யாரும் அவரிடம் பத்திரிகை நீட்டுவதில்லை, அவர் மேஜை மேல் வைத்துவிட்டு ஓடிவிடுவார்கள்.

இப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு பொழுதுபோக்கு இருந்தது. பாறை மேல் பைக் ஓட்டுவது.

டிரையல்ஸ் என்று அதற்குப் பெயர். ரேஸ் இல்லை, வேகத்துக்கு அங்கே வேலையே கிடையாது. பாறை, மரவேர், ஓடைக்கல் என்று ரிப்பன் கட்டிச் செக்‌ஷன் செக்‌ஷனாகப் பாதை பிரித்திருப்பார்கள். ஆள் நடக்கிற வேகத்தில், கால் தரையில் படாமல் வண்டியை ஏற்றி இறக்கிப் போக வேண்டும். கால் ஊன்றினால் ஒரு பாயின்ட். விழுந்தாலோ, வேறு யாராவது வண்டியைத் தொட்டாலோ ஐந்து. பாயின்ட் குறைவாக வாங்குகிறவர் ஜெயிப்பார். பெங்களூர் ஐ.டி. பையன்கள் சிலர் சேர்ந்து, அஞ்செட்டி தாண்டி நாட்றாம்பாளையம் பக்கத்து மலையில் ஒருவருடைய பட்டா நிலத்தில் வருஷம் ஒருமுறை இதை நடத்துகிறார்கள். அவர்கள் வண்டிகள் கப்பலில் வந்தவை. அண்ணனுடையது சீட்டை அறுத்தெடுத்த பழைய டூ ஸ்ட்ரோக்.

எல்லாவற்றுக்கும் பயப்படுகிற நீங்கள் எதற்காக இதில் இறங்கினீர்கள் என்று கேட்டேன்.

"ஹைவேல லாரி எந்தப் பக்கத்துல இருந்து வரும்னு தெரியாதுப்பா. பாறையில எங்க விழுவேன்னு முன்னாடியே தெரியும்ல" என்றார்.

சில வருஷம் நானும் வேடிக்கை பார்க்கப் போயிருக்கிறேன். அவரோடு எப்போதும் பாக்யா அக்காவும் வருவார். அண்ணனின் மனைவி. மாலூர்ப் பக்கத்துக் கன்னடக்காரர், பாகலூர் ரோட்டில் ரோஜாப் பண்ணையில் பேக்கிங் சூப்பர்வைசர். ஒரே வாக்கியத்தைக் கன்னடத்தில் ஆரம்பித்து, தெலுங்கில் நடத்தி, தமிழில் முடிப்பார். டிரையல்ஸில் ஓட்டுபவர் கூடவே பக்கத்தில் ஓர் ஆள் நடந்து வரலாம், வழி சொல்லலாம். வண்டியை மட்டும் தொடக் கூடாது. அக்கா புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு, கேன்வாஸ் ஷூவோடு பாறைக்குப் பாறை தாவி வருவார். "ரீ, நிதானா... ரீ, நிதானா..." என்று, ஏங்க மெதுவா என்பதைக் கன்னடத்தில் சொல்லிக்கொண்டே வருவார். வண்டி ஒரு பக்கம் லேசாகச் சாய வேண்டியதுதான், பின்னால் கேரியரை இரண்டு கையாலும் கெட்டியாகப் பிடித்துவிடுவார். நடுவர் பையன் பெருமூச்சு விட்டு ஐந்து விரலையும் விரித்துக் காட்டுவான்.

எல்லா செக்‌ஷனிலும் இதே கதை. எல்லா வருஷமும் அண்ணன்தான் கடைசி. ஒரு நடுவர் பொறுக்க மாட்டாமல், மேடம், ரூல்ஸ்படி தொடவே கூடாது என்று விளக்கினான்.

"எம் புருசன் கீழ வுழுந்தா உங்க ரூல்சு வந்து தூக்குமா?" என்று அக்கா கேட்டார்.

அண்ணன் ஒருநாளும் அக்காவைக் குறை சொன்னதில்லை. கடைசியாக வந்ததைப் பற்றிக் கேட்டால், முன்னமே தெரிந்ததுதானே என்பார். திரும்பும் வழியில் இருவரும் அஞ்செட்டியில் நிறுத்தி, ஒரே தட்டில் மிளகாய் பஜ்ஜி சாப்பிடுவார்கள். எண்ணெய் சரியில்லை, வயிறு கெடும் என்று சொல்லிக்கொண்டே அண்ணன் பாதிக்கு மேல் தின்றுவிடுவார்.

பிறகு ஒரு வருஷம் அக்காவுக்கு வயிற்றில் வலி வந்தது. அல்சர் என்று ஓசூரில் மருந்து கொடுத்தார்கள். பெங்களூரில் வேறு பெயர் சொன்னார்கள். நான் ஆஸ்பத்திரிக்குப் போனபோது அக்கா பாதியாக இருந்தார். வராந்தாவில் அண்ணனிடம் எப்படி விசாரிப்பது என்று தெரியாமல் நின்றேன். உலகத்தில் எதற்கும் நல்ல முடிவைச் சொல்லாத மனிதர் அவர். இதற்கு என்ன சொல்லப்போகிறாரோ என்று பயமாக இருந்தது.

"சரியாப் போயிரும்பா" என்றார். "டாக்டருங்க ஆயிரம் சொல்லுவாங்க. எனக்குத் தெரியும், சரியாப் போயிரும்."

மெஷின், லிஃப்ட், மழை, சம்பள உயர்வு என்று அவர் சொன்னதெல்லாம் பலித்திருக்கிறது. அது ஒன்று மட்டும் பலிக்கவில்லை. மழைக்காலம் தொடங்குவதற்குள் அக்கா போய்விட்டார்.

அதற்குப் பிறகு அண்ணன் எதையும் முன்கூட்டிச் சொல்வதை நிறுத்திக்கொண்டார். கம்பெனியில் இன்னொரு மெஷின் வந்தது. எல்லாரும் அவர் முகத்தையே பார்த்தோம். ஓடுமா அண்ணா என்று ஒருவன் வாய்விட்டே கேட்டான். தெரியலப்பா என்று ஸ்பேனரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். கேன்டீனில் சாம்பாரைக் கிளறிப் பார்த்து அபாயம் அறிவிக்க ஆளில்லை. நாங்கள் சத்தமில்லாமல் சாப்பிட்டு எழுந்தோம். அந்தக் கம்பெனி அவ்வளவு இருட்டாக இருந்ததில்லை.

போன வருஷம் மலையில் போட்டி நடந்தபோது அவர் யாரிடமும் சொல்லாமல் தனியாகப் போய்விட்டு வந்தார். மறுநாள் பெங்களூர்ப் பையன்களின் வாட்சாப் படம் எங்களுக்கும் வந்து சேர்ந்தது. மூன்றாம் இடம். கழுத்தில் மெடலோடு, அடையாள அட்டைக்குப் படம் எடுக்கும்போது நிற்பது போல நின்றிருந்தார். கம்பெனியில் அவரைச் சூழ்ந்துகொண்டு கை கொடுத்தார்கள். கூட்டம் கலைந்த பிறகு, எப்படி அண்ணா ஒரு இடத்தில்கூட விழவில்லை என்று கேட்டேன்.

"புடிக்க ஆளிருந்தாத்தானப்பா வுழ முடியும்" என்றார்.

ஸ்டோர்ஸ் இண்டென்ட் சீட்டு எழுதுவது போலக் குனிந்துகொண்டேன்.

இந்த வருஷம் நானும் வருகிறேன் என்று அவர் கூடவே கிளம்பினேன். வாடகைக்கு எடுத்த மினி லாரியில் வண்டியை ஏற்றிக் கட்டினோம். மலையில் யானை இறங்கியிருக்கிறது என்று காலையில் வெகுநேரம் எல்லாரையும் காக்க வைத்தார்கள். பெங்களூர்ப் பையன்கள் ஜீப்புக்குள் ஏறிக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டார்கள். அண்ணன் பாறை மேல் உட்கார்ந்து பிரேக் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யானை அவர் பக்கம் வந்திருந்தாலும் கொஞ்சம் நகர்ந்து இடம் கொடுத்திருப்பார் என்றுதான் தோன்றியது.

போட்டி தொடங்கியபோது தூறல் ஆரம்பித்துவிட்டது. நான் பக்கத்தில் நடந்து வருவதாக ஏற்பாடு. விதியெல்லாம் எனக்குத் தெரியும். அவரும் ஒருமுறை சொன்னார்: "கூட வா, தொடாத." முதல் சில செக்‌ஷன்களில் கால் ஊன்றவே இல்லை. ஒரு பொம்மையை ஏற்றி உட்கார வைத்தது போல, எந்தப் பக்கமும் அசையாமல் போனார். நடுவர்கள் தலையாட்டினார்கள். அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

ஓடைக்கு மேலே ஒரு சரிவுப் பாறை. நனைந்து வழுவழுவென்றிருந்தது. பாதி ஏறியதும் பின்சக்கரம் நழுவியது. வண்டி பள்ளத்துப் பக்கம் சாய்ந்தது. அவர் காலை ஊன்றியிருக்கலாம். ஊன்றவில்லை. எங்கேயோ பார்த்துக்கொண்டு அப்படியே சாய்ந்துகொண்டிருந்தார்.

நான் யோசிக்கவில்லை. இரண்டு கையாலும் கேரியரைப் பிடித்துத் தொங்கினேன். முழங்கால் பாறையில் உரசித் தோல் போனது. வண்டி நின்றது. கீழே நடுவர் ஐந்து விரலை விரித்தான்.

அண்ணன் மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். இன்ஜினை அணைத்தார்.

"ஏன்டா புடிச்ச?" என்றார்.

"கை தானாப் போயிடுச்சுண்ணா."

அவர் உதடு ஒருமுறை கோணிக்கொண்டது. பிறகு ஹெல்மெட்டைக் கழற்றாமலே பாறையில் உட்கார்ந்துகொண்டார். கொஞ்ச நேரம் அவர் தோள் மட்டும் குலுங்கியது. பின்னால் வரிசையில் நின்ற பையன்கள் ஒவ்வொருவராக இன்ஜினை அணைத்தார்கள்.

மீதி செக்‌ஷன்களிலும் நான் இரண்டு இடத்தில் பிடித்தேன். கடைசியாக வந்தோம்.

திரும்பும்போது மினி லாரியில் ஏறியதுமே ஆரம்பித்தார். அறிவிருக்கா உனக்கு, முழங்காலுக்கு டி.டி. ஊசி போடாவிட்டால் சீழ் பிடிக்கும், பிடித்தால் காலையே எடுக்க வேண்டிவரும், இந்த டிரைவர் ஓட்டுகிற லட்சணத்துக்கு நாம் மலையிறங்கினால்தானே ஆஸ்பத்திரி, இறங்கினாலும் இந்த டயர் தேன்கனிக்கோட்டை போய்ச் சேராது. அஞ்செட்டி வரைக்கும் மூச்சு விடாமல் திட்டிக்கொண்டே வந்தார். நான் கேட்டுக்கொண்டே வந்தேன். அந்த மலை ரோடு இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருக்கலாம்.