கொட்டில் அண்ணையின் ஏழாம் பாகம்

உரும்பிராயில் எங்கள் ஒழுங்கையைப் பொறுத்தவரை, கொட்டில் அண்ணையின் கையால் சாகாதவர்கள் இரண்டே வகை. ஒன்று, வெளிநாட்டுக்குப் போய்விட்டவர்கள். மற்றது, அவர் நிறுத்திய பிறகு பிறந்தவர்கள். மீதி அத்தனை பேரையும் அவர் ஆறு பாகங்களில் கொன்று முடித்திருந்தார்.

அவருக்குச் சொந்தப் பெயர் ஒன்று உண்டு. அதைப் பயன்படுத்தியது கிராம அலுவலரும் வாக்காளர் இடாப்பும் மட்டும்தான். தொழில், கலியாண வீடுகளுக்கு வீடியோ எடுப்பது. ஆனால் மனம் முழுவதும் அவர் எடுத்த திகில் படத் தொடரில் இருந்தது. தொடரின் பெயர் ‘தீர்ப்புக் கொட்டில்’. அதனால் அவர் கொட்டில் அண்ணை.

கதை எல்லாப் பாகத்திலும் ஒன்றுதான். குற்றம் செய்த ஒருவர் கண் விழிக்கும்போது ஒரு வெங்காயக் கொட்டிலுக்குள் நாற்காலியில் கட்டப்பட்டிருப்பார். கூரையில் கட்டிய கோயில் ஒலிபெருக்கிப் புனலிலிருந்து ஒரு குரல் கேள்வி கேட்கும். உண்மையைச் சொன்னால் உயிர் தப்பலாம். பொய் சொன்னால், மேலிருந்து கருக்குமட்டைச் சட்டம் இறங்கும். பனைமட்டையின் விளிம்பு வாள் மாதிரி இருக்கும் என்பது எங்கள் பக்கத்துக் குழந்தைகளுக்கும் தெரியும். ஆகவே பார்ப்பவர்களுக்கு விளக்கம் எதுவும் தேவைப்படவில்லை.

குற்றங்களும் ஊரிலிருந்தே எடுக்கப்பட்டவை. பக்கத்துக் காணிக்குள் வேலியை அரக்கி நகர்த்தினவர், மகளின் சாதகத்தைத் திருத்திச் சம்பந்தம் பேசியவர், பள்ளிக்கூடத்தில் தூங்கிவிட்டுப் பின்னேரம் ரியூசனில் மட்டும் படிப்பித்த வாத்தியார். நான் அப்போது யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் வேலை செய்துகொண்டிருந்தேன். நாலாம் பாகத்தில், போகாத கூட்டத்துக்குச் செய்தி எழுதிய நிருபராக வந்து செத்தேன். என் வலது கையைப் புகையிலை வெட்டும் கத்தியால் வெட்டி எறிந்தார்கள். கை என்பது பீற்றூட் சாற்றில் ஊறவைத்த மரவள்ளிக்கிழங்கு. படம் முடிந்ததும் அதை அவித்துச் சாப்பிட்டோம்.

இரத்தம் எல்லாமே பீற்றூட்தான். அதில் ஒரு தொழில்நுட்பச் சிக்கல் இருந்தது. உரும்பிராய் மண் செம்மண். எவ்வளவு இரத்தம் சிந்தினாலும் நிலத்தில் தெரியாது. அதனால் அவர் சாகப்போகிறவர்கள் எல்லோருக்கும் வெள்ளை வேட்டி உடுத்தினார். தோட்டத்தில் தண்ணீர் கட்டும்போது கடத்தப்பட்டவரும், குளிக்கும்போது கடத்தப்பட்டவரும், அடுத்த காட்சியில் கோயிலுக்குப் போகிறவர் மாதிரிச் சலவை வேட்டியோடு கட்டுண்டிருப்பார்கள். இதை ஒருவர் சுட்டிக்காட்டியபோது, கடத்துகிறவன் மரியாதை தெரிந்தவன் என்று பதில் சொன்னார்.

தொடரின் பாதிப்பு அவருடைய தொழிலிலும் விழுந்தது. ஒரு கலியாணத்தில் தாலி கட்டும் காட்சியை நிலத்தில் படுத்திருந்து மேல்நோக்கி எடுத்தார். மாப்பிள்ளையின் கை மெதுவாக இறங்க இறங்கப் பின்னணியில் ஒரு உறுமல். இலண்டனில் இருந்த மாமனார் தொலைபேசியில் அழைத்து, படம் வடிவாய் இருக்கிறது, ஆனால் வீட்டிலிருக்கும் சின்னப் பிள்ளைகள் மாப்பிள்ளைக்குக் கிட்டப் போகிறார்கள் இல்லை என்று முறைப்பாடு செய்தார்.

ஒருமுறை நான் அவரிடம் இரண்டு கேள்விகள் கேட்டேன். முதலாவது, அவருடைய படங்களில் ஏன் ஒரு துவக்குக்கூட வருவதில்லை?

“துவக்கு சுடேக்கை ஒருத்தரையும் ஒண்டும் கேக்காது, தம்பி. அதாலை நாங்கள் பட்டது காணும். என்ரை கொட்டிலிலை எண்டா சாக முதல் ஒரு கேள்வி இருக்கு. அதுக்குச் சரியான மறுமொழியும் இருக்கு.”

அப்படியானால் ஆறு பாகத்திலும் ஏன் ஒருவர்கூடத் தப்பவில்லை என்பது என் இரண்டாவது கேள்வி.

“எங்கடை ஆக்களிட்டை உண்மையைச் சொல்லு எண்டா, பக்கத்து வீட்டுக்காரன்ரை பேரைத்தான் சொல்லுவினம். பேந்து என்னெண்டு தப்பிறது?”

தொடர் நின்றுபோனதற்குக் காரணமும் இதே விஷயம்தான்.

புனலில் கேட்கும் அந்தக் குரல் சிவபாதத்தாருடையது. அவர் கொட்டில் அண்ணையோடு ஒரே வகுப்பில் படித்த தோழர். கோயில் திருவிழாக்களில் ஒலிவாங்கி பிடிப்பவர். காணாமல் போன செருப்பைப் பற்றி அவர் அறிவித்தால்கூட, எடுத்தவன் திருப்பிக் கொண்டுவந்து வைத்துவிடுவான். அப்படி ஒரு குரல். ஆறாம் பாகத்தின் முடிவில் அந்தக் குரலுக்குச் சொந்தக்காரனும் செத்துப் போவதாகக் கதை. கொட்டில் அண்ணை அதற்கு ஒரு விளம்பரம் யோசித்தார். எங்கள் ஊரில் ஒருவர் இறந்தால் சந்திச் சுவர்களில் கண்ணீர் அஞ்சலி ஒட்டுவார்கள். அதே அளவில், அதே கறுப்புக் கரையோடு, சிவபாதத்தாரின் உண்மையான படத்தைப் போட்டுச் சந்தி முழுக்க ஒட்டினார். அடியில் ‘ஆறாம் பாகம், விரைவில்’ என்று இருந்தது. ஒட்டியது தேர்த் திருவிழாவுக்கு முதல்நாள். அன்று பின்னேரமே ஒரு ரியூசன் விளம்பரம் வந்து அந்த அடிப்பகுதியை மட்டும் மறைத்துவிட்டது. மேலே சிவபாதத்தாரின் சிரித்த முகம், கீழே இரசாயனவியல் திருப்புதல் வகுப்பு.

யாரோ அதைப் படம் எடுத்து அனுப்பினார்கள். கொழும்பில் இருந்த சிவபாதத்தாரின் தமக்கைக்கு அது மறுநாள் காலை போய்ச் சேர்ந்தது. அவர் தம்பிக்கு அழைத்துப் பார்த்தார். தேரன்று தம்பியின் தொலைபேசி நிறுத்தப்பட்டிருக்கும். உறவினர்களுக்கு அழைத்தார். அவர்கள் எல்லோரும் வடம் பிடித்துக்கொண்டிருந்தார்கள். அக்கா வெள்ளைச் சேலையோடு பகல் ரயிலில் ஏறிவிட்டார்.

பின்னேரம் சிவபாதத்தார் தேர் முடிந்து, தொண்டை அடைத்து, சைக்கிளில் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தார். ஒழுங்கையில் தன் தமக்கை தலைவிரிகோலமாக அழுதுகொண்டு நடப்பதைக் கண்டார். சைக்கிளை நிறுத்தி, பதறிப்போய்க் கேட்டார்:

“ஆர் அக்கா செத்தது?”

இதைக் கேட்டு ஊர் பல மாதம் சிரித்தது. சிவபாதத்தார் சிரிக்கவில்லை. அடுத்த நாள் நேரே கொட்டில் அண்ணையின் வீட்டுக்குப் போனார். வாசலில் நின்று அவர் சொன்னது, என்னைச் சாகடித்ததைப் பற்றிக் கவலையில்லை, என் அக்கா ரயில் முழுக்க அழுதுகொண்டு வந்திருக்கிறா என்பதுதான். ஒரு வார்த்தை மன்னிப்புக் கேட்டிருந்தால் அங்கேயே முடிந்திருக்கும். கொட்டில் அண்ணை ரியூசன் மாஸ்ரர்தான் குற்றவாளி என்று நிரூபிக்கத் தொடங்கினார். சுவரொட்டியின் நீள அகலத்தைக் கையால் காட்டி விளக்கினார். சிவபாதத்தார் பாதி விளக்கத்தில் போய்விட்டார். அதன் பிறகு இருவருக்கும் கதை பேச்சு இல்லை. பஸ்ஸில் ஒருவர் ஏறினால் மற்றவர் இறங்கிவிடுவார்.

வருடங்கள் போயின. யாரோ ஒரு வெளிநாட்டுப் பொடியன் பழைய ஆறு பாகங்களையும் இணையத்தில் ஏற்றிவிட்டான். பயப்பட வேண்டிய படத்தைப் பிள்ளைகள் சிரிக்கப் பார்த்தார்கள். பிறகு உண்மையாகவே விரும்பிப் பார்த்தார்கள். ஏழாம் பாகம் எப்போது என்று கேட்டுக் கனடாவிலிருந்தும் நோர்வேயிலிருந்தும் எழுதினார்கள். கொட்டில் அண்ணைக்கு அறுபது தாண்டியிருந்தது. முழங்கால் வருத்தம், நிலத்தில் படுத்துப் படம் எடுத்தால் எழுப்ப இரண்டு பேர் வேண்டும். அவர் கமராவைத் துடைத்து எடுத்தார். இதை எடுக்காமல் கண் மூடமாட்டேன் என்று என்னிடம் சொன்னபோது, வழக்கமான உறுமல் எதுவும் பின்னணியில் இல்லை.

முதல் சிக்கல், நடிக்க ஊரில் உயிரோடு ஒருவரும் இல்லை. கடைக்காரர் இரண்டாம் பாகத்தில் போய்விட்டார். தபால்காரர் மூன்றில். நான் நாலில். செத்தவர் திரும்ப வந்தால் அது பேய்ப்படம், தன்னுடையது நீதிப் படம் என்பதில் கொட்டில் அண்ணை மிகவும் கறாராக இருந்தார்.

இரண்டாவது சிக்கல், குரல். ஆள் செத்தாலும் குரல் சாகாது என்று அதற்கு மட்டும் ஒரு விலக்கு வைத்திருந்தார். சிவபாதத்தாரிடம் போகாமல் இருப்பதற்காக அவர் எல்லா வழியையும் பார்த்தார். ஒரு வாத்தியாரைப் பேசவைத்தார். அது பரீட்சை வினாத்தாள் வாசிப்பது போல இருந்தது. பிறகு கணினியில் செய்யும் குரல் ஒன்றைப் பிடித்தார். அது நல்ல கம்பீரமான ஆண் குரல். ஆனால் தமிழ்நாட்டுக் குரல். இருட்டுக் கொட்டிலுக்குள் அது “வேலியை நகர்த்தினது நீங்கதானே சார்?” என்று கேட்டதும், ஒத்திகைக்கு மட்டும் என்று வந்து கட்டுண்டிருந்த அவருடைய மருமகன் நாற்காலியோடு சரிந்து விழுந்து சிரித்தான்.

கடைசியில் என்னைத் தூது அனுப்பினார். நான் போனபோது சிவபாதத்தார் முற்றத்தில் ஒரு ஒலிவாங்கியைக் கழற்றித் தூசி தட்டிக்கொண்டிருந்தார். முழுவதையும் கேட்டார். ஒலிவாங்கியைத் திரும்பப் பூட்டினார்.

“வாறன் எண்டு சொல்லும். ஆனா கதிரையிலை அவன் இருக்கவேணும். கேள்வி நான் கேப்பன்.”

இதைக் கொண்டுபோய்ச் சொன்னதும் கொட்டில் அண்ணையின் முகம் மாறிப்போனது. இத்தனை பேரை அந்த நாற்காலியில் இருத்தியவர், தான் ஒருநாளும் அதில் இருந்ததில்லை. இரண்டு நாள் யோசித்தார். பிறகு, உயிரோடு மிஞ்சியிருக்கும் ஒரே நடிகர் தான்தான் என்பதால் தொழில்ரீதியாக இந்த ஏற்பாடு சரி என்று தனக்குத் தானே ஒரு காரணம் கண்டுபிடித்தார்.

படப்பிடிப்பு ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. ஊரில் செத்தவர்கள் எல்லோரும் பார்க்க வந்திருந்தார்கள். கொட்டிலின் ஒரு பக்கக் கிடுகு ஓலையைப் பிரித்து, கிணற்றில் தண்ணீர் இறைக்கும் பழைய துலா மரத்தின் ஒரு முனையை உள்ளே விட்டிருந்தார். அந்த முனையில், நாற்காலிக்கு நேர்மேலே, கருக்குமட்டைச் சட்டம். வெளியே நின்ற மற்ற முனையில் தண்ணீர் நிரப்பிய ஒரு பீப்பா. பீப்பாவின் அடைப்பைப் பிடுங்கினால் தண்ணீர் ஓடும், பீப்பா பாரம் குறைந்து மேலே போகும், சட்டம் மெதுவாகக் கீழே வரும். முன்பெல்லாம் சட்டம் இறங்குவதற்கு முன்பே கமராவை நிறுத்தி, ஆளை எடுத்துவிட்டு வைக்கோல் பொம்மையை வைப்பார்கள். இப்போதைய பிள்ளைகள் அதைக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்பதால், இந்த முறை வெட்டில்லாமல் ஒரே காட்சி என்று அறிவித்திருந்தார். உண்மை சொன்னதும் சட்டம் தலைக்கு மேலே நிற்கும். அதுதான் திட்டம்.

கொட்டில் அண்ணை வெள்ளை வேட்டியோடு வந்து உட்கார்ந்தார். சிவபாதத்தார் அவரைக் கட்டினார். முடிச்சு உண்மையான முடிச்சு. பிறகு வெளியே வந்து பீப்பாவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஒலிவாங்கியை எடுத்தார். மருமகன், கொட்டிலும் பீப்பாவும் தெரியும்படி வெளியே நிறுத்தியிருந்த கமராவை ஓடவிட்டு, அடைப்பைப் பிடுங்கினான்.

“உயிரோடை இருந்த ஒருத்தனுக்குக் கண்ணீர் அஞ்சலி ஒட்டினது ஆர்?”

அந்தக் குரல் மாறியிருக்கவில்லை. எனக்கு வெட்டுப்பட்ட கை கூசியது. பிரித்த கிடுகின் வழியே கொட்டில் அண்ணையின் முகம் தெரிந்தது. தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

“அது வந்து, அந்த ரியூசன் மாஸ்ரர் பின்னேரம்...”

செத்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சட்டம் இறங்கியது.

“பக்கத்து வீட்டுக்காரன்ரை பேரைக் கேக்கேல்லை,” என்றது குரல்.

சிரிப்பு அடங்கியது. கொட்டில் அண்ணை மேலே பார்த்தார். பிறகு புனலைப் பார்க்காமல், கிடுகுக்கு வெளியே இருந்த சிவபாதத்தாரைப் பார்த்தார்.

“நான்தான் மச்சான். அச்சடிச்சதும் நான், ஒட்டினதும் நான். அக்காவை அழப்பண்ணினதும் நான்தான்.”

ஒலிவாங்கியில் சிவபாதத்தார் மூச்சு விடுவது மட்டும் ஊருக்குக் கேட்டது. மன்னித்தேன் என்றோ விடுதலை என்றோ அவர் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்போதுதான் மருமகன் மிக மெல்லிய குரலில் கேட்டான்:

“மாமா, இதை என்னெண்டு நிப்பாட்டிறது?”

ஒருவருக்கும் தெரியவில்லை. ஆறு பாகத்திலும் ஒருவரும் தப்பாத படியால், இறங்குவதற்கு மட்டுமே அந்த இயந்திரம் செய்யப்பட்டிருந்தது. அடைப்பு மருமகனின் கையில் இருந்தது. பீப்பாவோ எட்டாத உயரத்துக்குப் போயிருந்தது. அதிலிருந்து தொங்கிய கயிறும் மேலே போய்க்கொண்டிருந்தது.

சிவபாதத்தார் ஒலிவாங்கியை எறிந்துவிட்டுப் பாய்ந்து கயிற்றைப் பிடித்தார். அவருடைய பாரம் காணாது. அவரும் சேர்ந்து உயர்ந்தார். கடைக்காரர் அவருடைய இடுப்பைப் பிடித்தார். தபால்காரர், சாதகம் திருத்தியவர், வேலி அரக்கினவர் என்று பாகம் பாகமாகச் செத்தவர்கள் எல்லோரும் ஓடிவந்து தொங்கினார்கள். சட்டம் கொட்டில் அண்ணையின் தலைமயிரைத் தொடும் உயரத்தில் நின்றது.

“இறங்கி வெளியாலை வாடா!” என்று கத்தினார் சிவபாதத்தார். தான் கட்டிய முடிச்சு அவருக்கு மறந்துபோயிருந்தது.

உள்ளேயிருந்து, அசையாமல், உதட்டை மட்டும் அசைத்துப் பதில் வந்தது.

“ஒருத்தரும் கட் எண்டு சொல்லிப்போடாதேங்கோ. நல்லாய் வருது.”

மருமகன் உள்ளே ஓடி, அவரைக் கட்டியிருந்த கயிற்றை அறுத்து இழுத்து எடுத்தான். இரண்டு கிழவர்களும் அதன் பிறகு பேசிக்கொண்டது மன்னிப்பைப் பற்றி அல்ல. விடுதலை சொல்ல அவ்வளவு நேரம் எடுத்தது பிழை என்று ஒருவரும், நீ முதலிலேயே சரியான மறுமொழியைச் சொல்லியிருக்க வேண்டும் என்று மற்றவரும் பின்னேரம் வரை சண்டை பிடித்தார்கள். சண்டைக்கு நடுவே தேத்தண்ணி வந்தது. அடுத்த கிழமை இருவரும் ஒரே பஸ்ஸில் ஏறிக் கோப்பாய்ப் பக்கம் போனதைக் கண்டவர்கள் இருக்கிறார்கள்.

ஏழாம் பாகம் இப்போது இணையத்தில் இருக்கிறது. முடிவு சரியில்லை, ஒருவரும் சாகவில்லை என்று நோர்வேயிலிருந்து முறைப்பாடு வந்திருக்கிறது. கொட்டில் அண்ணை அதற்கு இன்னும் பதில் எழுதவில்லை. எட்டாம் பாகத்துக்கு நிறுத்தக்கூடிய ஒரு துலாவைப் பற்றி சிவபாதத்தாரோடு ஆலோசனை செய்துகொண்டிருக்கிறார்.

அந்தக் கடைசிக் காட்சியை நான் அடிக்கடி போட்டுப் பார்ப்பதுண்டு. கயிற்றை விடாமல் பிடித்திருக்கும் கைகளில், திரையின் இடது ஓரத்தில் தெரிவது என்னுடைய வலது கை. நாலாம் பாகத்தில் அவர் வெட்டி எறிந்த அதே கை.