கண்ணாடி தேடுதல், 47 நிமிடம்

"அம்மிணி, என்ற கண்ணாடியப் பாத்தியா?"

முதலாளி கேட்டபோது கம்ப்யூட்டரின் மூலையில் மணி நாலு முப்பத்தெட்டு. நாற்காலியை விட்டு எழுவதற்கு முன்னால் அகல்யா கீபோர்டில் ஒரு வரியைத் தட்டினாள்.

4.38 – கண்ணாடி தேடுதல்

அதன் பிறகுதான் எழுந்தாள்.

புதுச்சத்திரத்தைத் தாண்டி நெடுஞ்சாலை ஓரமாக இருக்கும் அந்தப் பட்டறையில் லாரிகளுக்குப் பாடி கட்டுவார்கள். சக்கரமும் எஞ்சினுமாக மொட்டையாக உள்ளே வருகிற வண்டி, பெயிண்டும் பொட்டுமாக மாப்பிள்ளைக் கோலத்தில் வெளியே போகும். முதலாளி வீரபாகுவுக்கு அறுபத்திரண்டு வயது. பத்து வயதில் வெல்டிங் பட்டறைக்கு வேலைக்கு வந்து, அந்தப் பட்டறையையே பிறகு விலைக்கு வாங்கியவர். ரோட்டில் பறக்கிற லாரியின் நம்பரை ஆபீசுக்குள் உட்கார்ந்தபடியே சொல்லிவிடுவார். கிட்டத்தில் இருக்கிற காகிதத்துக்குத்தான் கண்ணாடி வேண்டும். அந்தக் கண்ணாடிதான் தினமும் காணாமல் போகும்.

ஆபீசுக்கு ஒரே க்ளார்க் அகல்யா. அவளுக்கு இந்த உலகத்தில் வேண்டியது ஒன்றே ஒன்று, அஞ்சு பத்து பஸ். அதில் ஏறினால் நாமக்கல்லில் அரசு வேலைக்கான குரூப் தேர்வு வகுப்புக்கு நேரத்தோடு போகலாம். முதல் அரை மணி நேரம் கணக்குப் பாடம். போன தேர்வில் அவள் தவறவிட்டது மூன்றே மூன்று கேள்வி, மூன்றும் கணக்கு. வகுப்பு எடுக்கிற சாரும் சொல்லிவிட்டார்: "இந்த மாசத்துக்குள்ள நேரத்துக்கு வந்து பழகலைன்னா உங்க இடத்த வேற ஆளுக்குக் குடுத்திருவேன்மா."

நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வழி சொன்னவள் நான்சி. சேலத்திலிருந்து வந்து சித்தி வீட்டில் தங்கிப் படிக்கிறவள், வகுப்பில் பக்கத்து நாற்காலி.

"போன்ல ஆப்பு கீப்பு எதுவும் வேணாம்டி. வெறும் நோட்பேட். தெனமும் திரும்பத் திரும்ப வர்ற வேலைய மட்டும் எழுது. ஆரம்பிச்ச நேரம், முடிச்ச நேரம். ஒரு வாரத்துல ஓட்டை எங்கன்னு தெரிஞ்சிரும்."

ஒரு வாரத்தில் தெரிந்துவிட்டது. வருகைப் பதிவு பத்து நிமிடம். கொட்டேசன் டைப் அடிப்பது ஐம்பத்தைந்து. முதலாளிக்குக் காகிதங்களைப் படித்துக் காட்டுவது முப்பத்தைந்து. கண்ணாடி தேடுதல், ஒரு நாளைக்குச் சராசரியாக நாற்பத்தேழு நிமிடம்.

அகல்யாவுக்குக் கோபமும் வந்தது, தெம்பும் வந்தது. இத்தனை நாள் பஸ்ஸைத் தவறவிட்டது வேலைப் பளுவால் இல்லை, ஒரு மனிதரின் மூக்குக் கண்ணாடியால். இதை ஒழித்துவிட்டுத்தான் மறு வேலை என்று முடிவு கட்டினாள்.

கண்ணாடி அகப்படுகிற இடங்களைக் கேட்டால் சிரிப்பு வரும். காலண்டருக்குப் பின்னால், வெல்டிங் ராடு அட்டைப்பெட்டிக்குள், பாதி கட்டிய லாரியின் கேபினில். பெரும்பாலும் பட்டறையைக் கூட்டுகிற பாவாயிதான், "கூட்டறப்பக் கெடைச்சுதுங்க" என்று எடுத்து வருவாள். அதற்குள் மணி ஆறு ஆகியிருக்கும். தேடி அலுத்துப் போன வீரபாகு, "சரி உடு, நீயே படி" என்று சொல்லி, அகல்யா வாய்விட்டுப் படித்து, அவர் எல்லாவற்றிலும் கையெழுத்தும் போட்டு முடித்திருப்பார். அஞ்சு பத்து பஸ் எப்போதோ நாமக்கல் போய்ச் சேர்ந்திருக்கும்.

திங்கட்கிழமை அகல்யா ஒரு பிளாஸ்டிக் டப்பாவைக் கொண்டுவந்து முதலாளியின் மேசைமேல் வைத்தாள். 'கண்ணாடி மட்டும்' என்று கொட்டை எழுத்தில் எழுதி முன்னால் ஒட்டினாள். மாலையில் பார்த்தால் டப்பாவுக்குள் நாலு போல்ட்டு, ஒரு பாக்குப் பொட்டலம்.

"ஏனுங்கய்யா, அதுல எழுதி ஒட்டியிருக்கறனுங்களே?"

வீரபாகு டப்பாவைத் தூக்கித் திருப்பிப் பார்த்தார்.

"ஆமா, எழுதியிருக்கற. அழகா எழுதியிருக்கற" என்று சொல்லி, இன்னொரு போல்ட்டையும் அதில் போட்டார்.

இப்போது தேடும் இடங்களில் அந்த டப்பாவும் சேர்ந்துகொண்டது. அந்த வாரச் சராசரி ஐம்பத்தெட்டு.

அகல்யா சளைக்கவில்லை. அடுத்த வாரம் நாமக்கல் கடையில் அதே பவரில் இரண்டு கண்ணாடி வாங்கி வந்தாள். ஒன்று தொலைந்தால் இன்னொன்று இருக்கும் என்பது அவள் கணக்கு. மூன்றும் ஒரே நாளில் தொலைந்தன. ஒன்றைத் தேடிக்கொண்டிருந்தவள் மூன்றைத் தேட வேண்டியதாயிற்று. நோட்பேடில் எண்பது நிமிடம் ஏறியது. பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது என்பார்களே, இங்கே மூன்று குரங்கு.

"எந்நேரமும் என்னமோ தட்டிட்டே இருக்கறயே அம்மிணி, என்னது அது?" என்று வீரபாகு ஒருநாள் கேட்டார்.

இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள். மூன்று வாரக் கணக்கையும் பிரிண்ட் எடுத்து அவர் கையில் கொடுத்தாள். பார்த்தாவது உறைக்கட்டும் என்று எதிரிலேயே நின்றாள். அவர் விரலை வைத்து மேலிருந்து கீழாக ஓட்டினார்.

"நாப்பத்தேழு. அப்பறம் அம்பத்தெட்டு. அப்பறம் எம்பது. ஏறிட்டே போகுது. நல்லா இருக்குது."

"ஏறுனா நல்லதில்லீங்கய்யா. என்ன வேலைக்குன்னு பாருங்க."

"என்ன வேலையா இருந்தா என்ன? வேல பெருகுனாத்தான தொழில் பெருகும்." அவர் முகம் மலர்ந்துவிட்டது. வாசலைப் பார்த்துக் குரல் கொடுத்தார். "காத்தான், இங்க வா. நாளையில இருந்து பட்டறைல யாரு என்ன வேலைக்கு எத்தன நேரம் எடுத்துக்கறீங்கன்னு பொழுதோட அம்மிணிகிட்டச் சொல்லிப் போடோணும். அது கம்ப்யூட்டர்ல ஏத்திக்கும்."

மேஸ்திரி காத்தான் அகல்யாவைப் பார்த்த பார்வையில் நன்றி என்று ஒன்றும் இல்லை.

மறுநாள் மூன்று மணிக்கே அவள் மேசை முன்னால் வரிசை நின்றது. வெல்டர்கள், தச்சர்கள், பெயிண்டர்கள் எல்லாம் ரேசன் கடையில் நிற்பதுபோல் நின்றார்கள். காத்தானுக்கு ஒரு சந்தேகம்.

"பீடி குடிக்கறதத் தனி வேலையா எழுதோணுங்களா அம்மிணி, இல்ல பெயிண்டு காயற நேரத்தோட சேத்திரலாமுங்களா?"

"சேத்திருங்ணா."

"அப்பப் பெயிண்டு காய ரெண்டு மணி நேரம் கூடப் போட்டுக்கங்க."

வரிசையின் நடுவில் பாவாயியும் நின்றாள். அவள் முறை வந்ததும் முந்தானையால் கையைத் துடைத்துக்கொண்டு கணக்குச் சொன்னாள்.

"கூட்டறது அரை மணி சாமி. டீ வாங்கியாறது மூணு வாட்டி, வாட்டிக்கு இருவது நிமிசம். அப்பறம் இன்னொண்ணு இருக்குது, அதுதான் பெரிய வேல. அத எப்பிடிச் சொல்றதுன்னு..."

"போதுங்க்கா. பின்னால ஆளு நிக்கறாங்க பாருங்க."

பாவாயி விளக்குமாற்றை எடுத்துக்கொண்டு நகர்ந்துவிட்டாள். அகல்யாவின் கவனம் பெயிண்டர் மேல் போய்விட்டது.

அன்று நோட்பேடில் ஒரு புதிய வரி சேர்ந்தது. நேரம் எழுதுதல், இரண்டு மணி பத்து நிமிடம். நேரம் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்கப் போய், போகிற நேரத்துக்கே அவள் ஒரு கதவைத் திறந்து விட்டிருந்தாள். மாதம் முடிய நாலு நாள்தான் இருந்தது.

வேறு யாராக இருந்தாலும் ஃபைலை அழித்துவிட்டுப் போய்ப் படுத்திருப்பார்கள். அகல்யா கடைக்குப் போய்க் கறுப்புக் கயிறு வாங்கினாள். அதிகமாக இருந்த இரண்டு கண்ணாடியையும் தன் கைப்பையில் போட்டுப் பூட்டினாள். மூன்றாவதில் கயிற்றைக் கோத்து, காலையில் முதலாளி வந்து உட்கார்ந்ததும் பின்னால் போய் அவர் கழுத்தில் மாட்டிவிட்டாள்.

"என்ன அம்மிணி, மாட்டுக்கு மூக்கணாங்கவுறு போடறாப்பல?"

"இனிமே தொலையாதுங்கய்யா."

வீரபாகு வாசலில் விளக்குமாற்றோடு நின்ற பாவாயியை ஒருமுறை பார்த்தார். பாவாயியும் அவரைப் பார்த்தாள். அகல்யாவுக்கு அன்றைக்கு இருந்த சந்தோசத்தில் அது ஒரு செய்தியாகவே படவில்லை.

நாலு முப்பத்தெட்டு ஆயிற்று. கண்ணாடி அவர் நெஞ்சின் மேலேயே கிடந்தது. அகல்யா காகிதக் கட்டை முன்னால் வைத்துவிட்டுக் கைப்பையைத் தோளில் மாட்டினாள்.

"கண்ணு நீரா வழியுது அம்மிணி. பவரு மாறிப் போச்சாட்டிருக்குது. நீயே படி."

அவள் படித்தாள். தேடுகிற வேலை இல்லாததால் அவர் நிதானமாகச் சாய்ந்துகொண்டு ஒவ்வொன்றையும் இரண்டு முறை படிக்கச் சொல்லிக் கேட்டார். படித்துக் காட்டுதல், ஒரு மணி இருபது நிமிடம். கண்ணாடி தேடுதல், பூஜ்யம். பஸ் போயே போய்விட்டது. அடுத்த நாளும் அப்படியே.

மாதத்தின் கடைசி நாளன்று அகல்யா மதியம் சாப்பிடவில்லை. அழுகையை அடக்கிக்கொண்டு ஒரு கடிதம் டைப் அடித்தாள். எட்டு வருடம் வேலை பார்த்த இடம். அவள் அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பட்டறையைக் காத்தானிடம் விட்டுவிட்டு மூன்று நாள் கூடவே நின்றவர் இந்த வீரபாகு. அவரைவிட்டுப் போக அவளுக்கு மனசே இல்லை. ஆனாலும் இந்த முறை தேர்வை விடுவதாக இல்லை.

ஐயா, மாலை 5.10 பஸ்ஸைப் பிடிக்க முடியாததால் என் படிப்பு கெடுகிறது. ஆகவே இந்த வேலையிலிருந்து விலகிக்கொள்கிறேன். தாங்கள் எனக்குச் செய்த உதவிகளை என்றும் மறக்க மாட்டேன். இப்படிக்கு, அகல்யா.

நாலரை மணிக்கு அவர் மேசையில் வைத்தாள்.

"இத மட்டும் நீங்களே படிங்கய்யா. என்னால வாய்விட்டுப் படிக்க முடியாதுங்க."

வீரபாகு காகிதத்தைப் பார்த்தார். கழுத்தைத் தடவினார், கயிறு இருந்தது. வேறு வழியில்லாமல் கண்ணாடியை எடுத்து மாட்டினார். விரல் ஒவ்வொரு வரியாக மெல்ல நகர்ந்து, ஓரிடத்தில் நின்றது.

"அஞ்சு பத்து" என்றார்.

"ஆமாங்கய்யா. அதுக்காகத்தானுங்க."

"சரியா இருக்குது."

கீழே கையெழுத்துப் போட்டு அவளிடமே நீட்டினார். முகத்தில் வருத்தம் என்று மருந்துக்கும் இல்லை.

"மத்ததெல்லாம் நீளநீளமா இருந்துச்சு. இது சுருக்கமா, நல்லா இருக்குது. இதே மாதிரி தெனமும் ஒண்ணு எழுதிக் குடு அம்மிணி. இத ஃபைல்ல வெச்சிரு. இன்னிக்கு வேற காயிதம் ஒண்ணுமில்லயே? நேரமே கெளம்பு."

அகல்யா ஃபைலில் வைத்தாள். எட்டு வருட உறவு ஒரு டீ பில்லைப் போல முடிந்துபோனதை நினைத்து உடம்பெல்லாம் எரிந்தது. கம்ப்யூட்டரை அணைக்கும் முன் பழக்க தோசத்தில் ஒரு வரி தட்டினாள். 4.30 – 4.36, ராஜினாமா.

வாழ்க்கையில் முதல் தடவையாக நாலு ஐம்பதுக்கெல்லாம் பஸ் நிறுத்தத்தில் நின்றாள். வெயில் தாழும் முன்பே வெளியே வந்து நிற்க அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது. சற்று நேரத்தில் பாவாயி கையில் காலி பிளாஸ்க்கோடு டீக்கடைப் பக்கமாக வந்தவள், அவளைப் பார்த்து நின்றாள்.

"நல்லவேள, இங்கயே இருக்கற சாமி. நாளைக்குக் காலைல வந்தொடனே ரெண்டு கொட்டேசன் அடிக்கோணுமாம், முதலாளி சொல்லச் சொன்னாரு."

"நாளைக்கா?" அதுவரை அடக்கிவைத்த அழுகை உடைந்துகொண்டது. "வேலைய உட்டுப் போறேன்னு எழுதிக் குடுத்திருக்கறனுங்க்கா. போகாதன்னு ஒரு வார்த்த சொல்லல. தெனமும் ஒண்ணு எழுதிக் குடுங்கறாரு. எட்டு வருசம் வேல பாத்தவளைக் கேலி பண்றாருங்க்கா."

தூரத்தில் அஞ்சு பத்து பஸ் வருவது தெரிந்தது. பாவாயி பிளாஸ்க்கைக் கீழே வைத்துவிட்டு, முந்தானையால் அவள் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

"அவருக்கு நம்பரத் தவுத்து ஒரு எழுத்துப் படிக்கத் தெரியாது சாமி. அது உனக்குத் தெரிஞ்சிரக் கூடாதுன்னு அவரு சொல்லி, மூணு கண்ணாடிய தெனமும் எடம் மாத்தி மாத்தி ஒளிச்சு வெச்சவ நானு. அந்த நேரத்த எழுதிக்கோன்னு சொல்ல வந்தப்பத்தான், பின்னால ஆளு நிக்கறாங்கன்னு என்னைய முடுக்கி உட்டுட்ட."